64 ரூபாய் 48 காசு

எங்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் விஜய் மல்லையாவைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத டீக்கடை கிடையாது. "ஒன்பதாயிரம் கோடிய வாரிச் சுருட்டிக்கினு போயிட்டான்" என்று ஒருவர் ஆரம்பித்தால், "அதெல்லாம் கட்டிட்டாருப்பா, பேங்க்காரன் டபுளா எடுத்துக்கினான்" என்று அடுத்தவர் மடக்குவார். 2025 ஜூனில் அவர் ஒரு பாட்காஸ்டில் மணிக்கணக்காகப் பேசியதிலிருந்து இரண்டாம் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது. அதே மாதம்தான் ஆர்சிபி முதல்முறையாக ஐபிஎல் கப் அடித்தது. 2008ல் அந்த அணியை வாங்கியவர் மல்லையா. பட்டாசுப் புகையில் பழைய கோபமும் கொஞ்சம் கரைந்துபோனது.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எனக்கு வேறு ஒரு சந்தேகம். நம் எல்லோருக்கும் அவர் மேல் கோபம் வந்தது, சரி. எந்தத் தேதியில் வந்தது?

பெரும்பாலானோருக்கு 2015 டிசம்பர். கோவாவில் அறுபதாவது பிறந்தநாள் விருந்து, பாட என்ரிக் இக்லேசியாஸ். கடன்காரர் ஒருவர் இப்படிக் கொண்டாடலாமா என்று நாடே கொதித்தது. அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன்கூட அடுத்த மாதம், பேர் சொல்லாமல், கடனை வைத்துக்கொண்டு ஆடம்பரப் பிறந்தநாள் கொண்டாடினால் மக்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

அடுத்தது 2016 பிப்ரவரி 25. நம்ம யூபி சிட்டியில் தலைமையகம் வைத்திருந்த யுனைடெட் ஸ்பிரிட்ஸ் மதுபான நிறுவனத்தின் தலைவர் பதவியிலிருந்து மல்லையா விலக ஒப்புக்கொண்டார். விலகுவதற்கும் போட்டித் தொழிலில் இறங்காமல் இருப்பதற்குமாக, கம்பெனியை வாங்கியிருந்த டியாஜியோ அவருக்கு 7.5 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம். அன்றைய மதிப்பில் ஐநூறு கோடி ரூபாய்க்கு மேல். அதில் 4 கோடி டாலர் உடனே கைமாறியது. மார்ச் 2ஆம் தேதி அவர் லண்டனுக்கு விமானம் ஏறினார். மீதிப் பணத்தைத் தரக்கூடாது என்று பெங்களூர் கடன் மீட்புத் தீர்ப்பாயம் தடை போட்டது மார்ச் 7ஆம் தேதி. வந்த 4 கோடி டாலரைத் தன் மூன்று பிள்ளைகளுக்கு மாற்றியதை மறைத்தார் என்று சுப்ரீம் கோர்ட் அவமதிப்புக் குற்றம் கண்டு, 2022 ஜூலையில் நான்கு மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஐநூறு கோடிக்குப் பக்கத்தில் இந்த 2,000 ரூபாயை வைத்துப் பார்த்து எங்கள் டீக்கடை ஒரு வாரம் சிரித்தது.

அவர் நடத்திய கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஊழியர்களுக்கோ கோபம் இதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. 2012 மார்ச்சிலிருந்து சம்பளம் இல்லை. அந்த வருஷம் அக்டோபரில் வேலைநிறுத்தம், கதவடைப்பு, டெல்லியில் ஊழியர் ஒருவரின் மனைவி தற்கொலை, 20ஆம் தேதி விமானம் ஓட்டும் உரிமம் நிறுத்தம். சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ் வரியைக்கூட கம்பெனி கட்டவில்லை என்று வருமான வரித்துறை அதற்குமுன் கணக்குகளை முடக்கியிருந்தது. அதாவது வரி பிடித்தாயிற்று; சர்க்காருக்குப் போய்ச் சேரவில்லை.

இந்தத் தேதிகள் எல்லாம் நியாயமானவைதான். ஆனால் அசல் தேதி இவற்றில் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

கொஞ்சம் அமெரிக்கா போய்வருவோம். 2008 செப்டம்பரில் ஏஐஜி என்ற மாபெரும் இன்ஷூரன்ஸ் கம்பெனி சாய்ந்தது. அரசு தூக்கி நிறுத்தியது. 2009 மார்ச் வாக்கில் அதற்கென்று ஒதுக்கிய உதவி 17,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த மாதம் ஒரு செய்தி வந்தது: கம்பெனியைக் கவிழ்த்த அதே பிரிவின் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ். அவ்வளவுதான், ஊரே தீப்பிடித்தது. பிரதிநிதிகள் சபை அந்தப் போனஸுக்கு 90 சதவீத வரி போட 328க்கு 93 என்று ஓட்டுப் போட்டது. செனட்டைத் தாண்டவில்லை என்பது வேறு கதை. அதே மாதம் ஸ்காட்லாந்தில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் முன்னாள் தலைமை அதிகாரி ஃப்ரெட் குட்வின் வீட்டுக் கண்ணாடிகளை உடைத்தார்கள். அந்த வங்கியைக் காப்பாற்ற பிரிட்டிஷ் அரசு 4,500 கோடி பவுண்டு போட்டிருந்தது. அவருக்கு வருஷத்துக்கு ஏழு லட்சம் பவுண்டு பென்ஷன்.

கணக்குப் பாருங்கள். ஏஐஜியின் போனஸ், மீட்புத் தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 999 பங்குக்கு முனகியவர்கள், மிச்ச ஒரு பங்குக்கு வெடித்தார்கள். இதை வைத்துப் பொருளாதாரம் படித்தவர்கள் பலர் பொதுஜனத்தைக் கிண்டல் செய்தார்கள்: ஜனங்களுக்குக் கணக்கு வராது என்று.

எனக்கு அது கிண்டலுக்குரியதாகத் தெரியவில்லை. 17,000 கோடி டாலர் என்பது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஒரு மனிதன் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தப்புப் பண்ணினவனுக்குப் பரிசு தரக்கூடாது என்பதும் தெரியும். விருந்தும் போனஸும் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். அவை வழியாகத்தான் உள்ளே என்னவோ நடந்திருக்கிறது என்று ஜனங்களுக்கு வாடை அடிக்கிறது. சிக்கல் எங்கே என்றால், வாடை பிடித்தவர்கள் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ஆளைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

கிங்ஃபிஷர் கதையில் உள்ளே இருப்பது 64 ரூபாய் 48 காசு.

2005 மே மாதம் பறக்க ஆரம்பித்த அந்த ஏர்லைன்ஸ் ஒரு வருஷம்கூட லாபம் பார்த்ததில்லை. 2007ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானை வாங்கியது, அதுவும் நம்ம ஊர்க் கம்பெனி. 2010 முடிவில் கடன் கழுத்தை நெரித்தபோது ஸ்டேட் பேங்க் தலைமையில் வங்கிகள் கூடிக் கடனை மாற்றியமைத்தன. வட்டியைக் குறைத்தன, தவணையைத் தள்ளிவைத்தன. கடனில் ஒரு பகுதியை, திருப்பித் தரவேண்டாம், பங்காகக் கொடுத்துவிடு என்று ஏற்றுக்கொண்டன. 2011ல் அந்தப் பங்குகள் கைக்கு வந்த விலை ஒன்று 64 ரூபாய் 48 காசு. அப்போது ஷேர் மார்க்கெட்டில் அதே பங்கு சுமார் 40 ரூபாய். 61.6 சதவீதம் கூடுதல். கம்பெனியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வங்கிகள் தலையில் வந்து உட்கார்ந்தது. பிறகு அந்தப் பங்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, கடைசியில் காகிதமாகவே போனது.

எங்கள் தெருவில் சங்கத்து லோன் எடுத்து இட்லிக்கடை நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். கடை நொடித்தால் அவர் லோன் ஆபீஸரிடம் போய், "சார், அசல்ல பாதிய கழிச்சுக்கோங்க, என் கடையில கால் பங்கு எடுத்துக்கோங்க. வெளியே நாப்பது ரூபாகூட போகாது, நீங்க அறுபத்தி நாலுன்னு எழுதிக்கோங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் சேர்ந்து கட்டவேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். வசூல்காரர்கள் வாசலில் உட்கார்ந்து மிரட்டிய மிரட்டலில் கர்நாடகத்தில் பலர் உயிரை விட்டபிறகு, 2025 பிப்ரவரியில் மாநில அரசு தனியாக ஓர் அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

வங்கிகள் விதியை மீறின என்று சொல்ல வரவில்லை. விதிப்படியே நடந்திருக்கலாம். எனக்கு அதுதான் பயம்.

அடமானம் என்ன தெரியுமா? 'கிங்ஃபிஷர்' என்ற பெயர். பிராண்டுக்கு 4,000 கோடிக்கு மேல் மதிப்புப் போட்டு அதை ஈடாக வாங்கிக்கொண்டார்கள். 2016 ஏப்ரலில் அந்தப் பெயரை ஏலம் விட்டார்கள், ஆரம்ப விலை 366.70 கோடி. கேட்க ஆளில்லை. மும்பையில் கிங்ஃபிஷர் ஹவுஸ் 150 கோடியில் ஏலத்துக்கு வந்து, பலமுறை விலை இறங்கி, 2021ல் 52 கோடி சொச்சத்துக்குப் போனது. எங்கள் பக்கத்து மார்வாடிக் கடையில் மூக்குத்தியை அடகு வைக்கப் போனால் உரசிப் பார்த்து, எடை போட்டு, கல்லைக் கழித்துவிட்டுத்தான் பணம் எண்ணுவார்.

இதுதான் பெயில்-அவுட். பட்ஜெட்டில் வராது, நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது, டிவியில் விவாதம் கிடையாது. 2011 நவம்பரில் 'கிங்ஃபிஷருக்கு அரசு உதவி' என்று பேச்சு அடிபட்டபோது, தனியார் கம்பெனி சாகவேண்டியதென்றால் சாகட்டும் என்று தொழிலதிபர் ராகுல் பஜாஜ் பட்டென்று சொன்னார். மக்கள் வரிப்பணத்தை நான் கேட்கவே இல்லை என்றார் மல்லையா. கேட்கவில்லைதான். எதற்குக் கேட்க வேண்டும்? அதற்குச் சில மாதங்கள் முன்பே பொதுத்துறை வங்கிகளின் கையெழுத்து விழுந்தாகிவிட்டது. அரசு உதவலாமா என்று நாடு விவாதம் நடத்திய சமயத்தில், அரசு வங்கிகள் உதவி முடித்திருந்தன.

பொதுத்துறை வங்கி என்றால் யார் பணம்? உங்கள் சம்பளக் கணக்கு, அப்பாவின் ஃபிக்ஸட் டெபாசிட். அந்த வங்கிகளில் ஓட்டை விழுந்தால் அடைப்பது சர்க்கார் கஜானா. 2016-17 முதல் 2020-21 வரை ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்கு மத்திய அரசு போட்ட மூலதனம் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எல்லாம் மல்லையாவால் வந்ததில்லை. ஸ்டீல், மின்சாரம், சாலை என்று வாராக்கடனில் பெரிய பெரிய தலைகள் இருந்தன. ஒரு கிங்ஃபிஷரின் மேல் நாம் செலவழித்த கோபத்தில் அவற்றுக்கு ஒரு துளி கிடைத்ததா என்றால் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் மல்லையா மாதிரி மாடல் அழகிகள் காலண்டர் போடவில்லை, கிரிக்கெட் அணி வாங்கவில்லை.

இரண்டாம் கட்சிக்கு வருகிறேன். "வட்டியும் முதலுமா வசூல் பண்ணிட்டாங்களே" என்பது அவர்கள் வாதம். அதில் விஷயம் உண்டு. 2017 ஜனவரியில் பெங்களூர் தீர்ப்பாயம் வசூலிக்கச் சொன்னது 6,203 கோடி, அதற்குமேல் வட்டி. 2024 டிசம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மல்லையா சொத்துகளிலிருந்து 14,131 கோடி வங்கிகளுக்குத் திரும்பியது என்று மக்களவையில் சொன்னார். கணக்கைக் காட்டுங்கள் என்று மல்லையா கர்நாடக ஹைகோர்ட்டுக்குப் போனார். கேட்பதில் தப்பில்லை. கணக்கு யார் கேட்டாலும் காட்டவேண்டியதுதான்.

ஏஐஜியிலும் அப்படித்தான் முடிந்தது. அமெரிக்க அரசு போட்ட பணம் திரும்பி, மேலே 2,200 கோடி டாலருக்கு மேல் லாபமும் வந்தது. ஆனால் பணம் கடைசியில் திரும்பியதாலேயே 64 ரூபாய் 48 காசு நல்ல முடிவு ஆகிவிடாது. இங்கே பணம் மீண்டது அவர் சாராயக் கம்பெனிப் பங்குகள் நல்ல விலை போனதால். ஏர்லைன்ஸ் பிழைத்ததால் இல்லை. நடுவில் போன வருஷங்களில் சம்பளம் வராத ஊழியர் வீட்டில் எத்தனை ஃபீஸ், எத்தனை கல்யாணம், எத்தனை ஆஸ்பத்திரி? அந்த வருஷங்களுக்கு வட்டி போட எந்தத் தீர்ப்பாயமும் இல்லை.

அதற்காகக் கைதூக்கி விடுவதே பாவம் என்று சொல்லமாட்டேன். 2020 மார்ச் 5ஆம் தேதி மாலை யெஸ் பேங்கை ரிசர்வ் வங்கி முடக்கியது, 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று. ஸ்டேட் பேங்க் தலைமையில் மற்ற வங்கிகள் மூலதனம் போட்டு, 18ஆம் தேதி கதவு திறந்துவிட்டது. பதின்மூன்று நாள். டெபாசிட்தாரர் ஒருவருக்கும் நஷ்டமில்லை. நல்ல வேலை என்றுதான் சொல்லவேண்டும்.

அதே வருஷம் ஜனவரியில் நம்ம பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திரா சஹகார வங்கியையும் அதே ரிசர்வ் வங்கி முடக்கியது. அங்கே உச்சவரம்பு 35,000. பென்ஷன் பணத்தை மொத்தமாக அதில் போட்டிருந்த பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்குப் பதின்மூன்று நாள் கணக்குக் கிடைக்கவில்லை. தடை மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டது. ஐந்து லட்சம் வரை இன்ஷூரன்ஸ் பணம் தருவதற்கே 2021ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்குமேல் போட்டவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். பெரிய வங்கி விழுந்தால் ஊரே விழும், சின்ன வங்கி விழுந்தால் அதில் பணம் போட்டவன் மட்டும் விழுவான். காப்பாற்றுவதற்கான அளவுகோல் இதுதான் என்றால், முடிந்தவரை பெரிதாகக் கடன் வாங்கு என்பதுதான் புத்திசாலிகளுக்கான பாடம்.

எங்கள் ஏரியாவுக்கு இந்த மீட்பு விவகாரம் புதிதில்லை. இங்கே தமிழ்க் குடும்பங்கள் வேர்விட்டதற்கு ஒரு காரணம் மில்கள். மினர்வா மில்லின் நிர்வாகம் சரியில்லை என்று 1971ல் மத்திய அரசு கையில் எடுத்தது. 1974ல் நலிந்த ஜவுளி ஆலைகளோடு சேர்த்து தேசியமயமாக்கியது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கில் 1980ல் வந்த தீர்ப்பைத்தான் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் 'மினர்வா மில்ஸ்' என்று உருப்போடுகிறார்கள். நாடாளுமன்றம் நினைத்தாலும் அரசியல் சாசனத்தின் அடிப்படையை மாற்ற முடியாது என்று சொன்ன தீர்ப்பு. சாசனம் பிழைத்தது, மில் பிழைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது லூலூ மால். மல்லேஸ்வரம் பக்கம் ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால். தொழிலாளியைக் காப்பாற்றத்தான் மில்லை எடுக்கிறோம் என்று ஆரம்பித்த கதை, கடைசியில் நிலத்தை விற்று விருப்ப ஓய்வுப் பணம் கொடுத்ததில் முடிந்தது.

மில் ஒன்றில் நெசவுப் பிரிவில் இருந்த தாத்தா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மல்லையா பேச்சு வந்தால் அவர் சொல்வது இதுதான்: "கம்பெனி மூழ்குதுன்னா எங்க பேரச் சொல்லித்தான்பா பணம் கேப்பானுங்க. இத்தினி குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்பானுங்க. பணம் வந்ததும் எங்க பேரு மறந்துடும்."

சட்டப் புத்தகத்தில் அவர் பேர் மறக்கப்படவில்லை. 2016ல் வந்த திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவு, கம்பெனியை விற்றுக் கிடைக்கும் பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசை போட்டிருக்கிறது. விற்பனைச் செலவுக்கு அடுத்து, தொழிலாளியின் 24 மாதக் கூலி, ஈடு வைத்திருக்கும் வங்கிகளோடு சரிசமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பங்குதாரர் கடைசி. நல்ல வரிசை. ஆனால் உச்சாணிக் கொம்பில் இருப்பவர் இந்த வரிசையில் நிற்பதே இல்லை. வரிசை ஆரம்பிக்குமுன் அவர் சம்பளமும் போனஸும் விலகல் தொகையும் வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

தொழிலாளியின் போனஸுக்கு 1965லேயே சட்டம் வந்தது. முதலில் குறைந்தது 4 சதவீதம், அதிகபட்சம் 20 என்று தரையும் கூரையும் போட்டார்கள்; பிறகு தரை 8.33 ஆனது. மேலே இருப்பவர்களுக்கும் கம்பெனிச் சட்டத்தின் 197ஆவது பிரிவில் கூரை உண்டு: இயக்குநர்கள், மேலாளர் எல்லோருக்குமாகச் சேர்த்து நிகர லாபத்தில் 11 சதவீதம். ஆனால் அந்தக் கூரை பங்குதாரர்கள் தீர்மானம் போட்டால் திறந்துகொள்ளும். முன்பு மத்திய அரசின் அனுமதியும் வேண்டியிருந்தது. 2018லிருந்து அதுவும் வேண்டாம்.

கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதா? முடியும். 2019 ஜனவரியில் ஐசிஐசிஐ வங்கி, நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கைக்குப் பிறகு, முன்னாள் தலைமை அதிகாரி சந்தா கோச்சருக்கு 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸ் அத்தனையையும் திரும்பக் கேட்டது. அந்த வருஷம் நவம்பரில் ரிசர்வ் வங்கி, தனியார் வங்கித் தலைவர்களின் ஊதியத்தில் பாதியாவது செயல்திறனைப் பொறுத்ததாக இருக்கவேண்டும், அதில் பெரும்பகுதியைத் தள்ளித் தரவேண்டும், விவகாரம் வந்தால் திரும்பப் பெறவேண்டும் என்று விதி வைத்தது. வங்கிக்கு வைத்த விதியை, வங்கியிடம் கடன் மாற்றியமைப்பு கேட்டு வரும் கம்பெனிக்கும் வைக்கலாமே? பொதுப்பணம் ஒரு ரூபாய் உள்ளே வந்தால், கடைசி ஐந்து வருஷ போனஸ் கணக்கு மேசைக்கு வரட்டும்.

இதையெல்லாம் பழங்கதை என்று நினைத்தால் உங்கள் பையில் இருக்கும் சிம் கார்டைப் பாருங்கள். 2023ல் வோடஃபோன் ஐடியா அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கியில் 16,133 கோடியும், 2025 ஏப்ரலில் இன்னும் 36,950 கோடியும் பங்குகளாக மாறின. இரண்டு தடவையும் பங்கு விலை 10 ரூபாய். இரண்டாம் தடவை மார்க்கெட்டில் அது ஏழு ரூபாயை ஒட்டித்தான் இருந்தது. அரசின் கையில் இப்போது 48.99 சதவீதம். முகமதிப்புக்குக் கீழே பங்கு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று காரணம் உண்டு. இந்தக் கம்பெனியும் போனால் நாட்டில் இரண்டே தனியார் செல்போன் கம்பெனிதான் மிஞ்சும் என்ற காரணமும் உண்டு. ஒருவேளை சரியான முடிவாகவே இருக்கலாம்.

ஆனால் இதைப் பற்றி ஸ்ரீராம்புரம் டீக்கடையில் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. கேக் வெட்டிய போட்டோ எதுவும் வரவில்லை, அதனால் கோபமும் வரவில்லை. 2011லும் இப்படித்தான் சும்மா இருந்தோம். பத்து ரூபாய்க்கு யார் கையெழுத்துப் போட்டார்கள், என்ன நிபந்தனை போட்டார்கள், மேலே இருப்பவர்கள் சம்பளத்தில் என்ன குறைந்தது என்று இன்றைக்கே கேட்கலாம். விமானம் ஏறியபிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.